211, 250, 600: நெய்வேலியின் எண்களும் பனிப்போர்ப் போட்டியும்

அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் இந்திய மண்ணில் நடத்திய பொருளாதாரப் போட்டியைப் பற்றி எழுத வருகிறவர் எவரும் டேவிட் எங்கர்மேனைக் கடந்துதான் போக வேண்டும். அவர் 2018இல் வெளியிட்ட ‘தி பிரைஸ் ஆஃப் எய்ட்’ என்னும் நூல் இந்தத் துறையின் அடித்தளமாகிவிட்டது. அவருடைய வாதத்தின் சாரம் இது: தில்லியில் இருந்த எதிரெதிர் அணிகள் தத்தம் பொருளாதாரக் கொள்கையை நிலைநாட்ட வாஷிங்டனையும் மாஸ்கோவையும் துணைக்கு அழைத்தன, வல்லரசுகளும் அந்த அணிகள் வழியாகவே தங்கள் செல்வாக்கை வளர்த்தன, இந்தியாவின் சொந்த அரசியல் அமைப்புகள் தளர்ந்ததே இந்த உதவிக்கு நாடு கொடுத்த விலை.

உழைப்பும் ஆவண வளமும் மிக்க இந்த ஆய்வை மதிக்கிறேன். ஆனால் அதன் சட்டகத்துக்குள் தமிழ்நாட்டின் பழுப்பு நிலக்கரி நகரமான நெய்வேலியை வைத்துப் பார்த்தால் அது பொருந்தவில்லை என்பதே என் வாதம்.

எங்கர்மேனின் வாசிப்புக்கு இடம்தருவது இரும்பாலைகளின் வரலாறு. பிலாய் சோவியத் உதவியில் எழுந்தது. ரூர்கேலாவை மேற்கு ஜெர்மனியும் துர்காப்பூரைப் பிரிட்டனும் கட்டித்தந்தன. பொகாரோவில் அரசுத்துறை ஆலைக்கு உதவ அமெரிக்க நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது. 1963இல் இந்தியா தன் கோரிக்கையைத் திரும்பப் பெற்றது, பின்னர் சோவியத் உள்ளே வந்தது. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நாடு என்று அமைந்ததால், எந்த ஆலை முந்துகிறது, எது பிந்துகிறது என்று இரு முகாம்களின் திறனையும் அருகருகே வைத்து அளக்க முடிந்தது. இந்தக் கணக்கிலேதான் தில்லியின் அணிகளும் துலங்கித் தெரிகின்றன.

நெய்வேலியில் அப்படி அளக்க வழியில்லை. ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய துகள்கள் வெளிப்பட்டது 1934இலா 1935இலா என்பதில் நூல்கள் இன்றும் வேறுபடுகின்றன. அதன் பின் அங்கே துளையிட்டு ஆராய்ந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழில்நுட்பக் கூட்டுறவுத் திட்டத்தின் வழியாக வந்த சுரங்க வல்லுநர் பால் ஐரிக், இங்கே பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுப்பது சாத்தியம் என்று உறுதிசெய்தார். திட்ட அறிக்கையை இலண்டனின் பவல் டஃப்ரின் நிறுவனம் எழுதியது. மண் வெட்டும் பெரிய சக்கர இயந்திரங்களும், கரிக்கட்டி ஆலையும் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. உர ஆலையில் இத்தாலிய, மேற்கு ஜெர்மானிய நிறுவனங்களின் கை இருந்தது. அனல் மின் நிலையம் சோவியத் ஒன்றியத்தினுடையது. இவை அத்தனையும் ஒரே அரசு நிறுவனத்தின் கீழ், ஒரே வேலிக்குள் நின்றன.

கால வரிசையைக் கவனிக்க வேண்டும். நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் (என்.எல்.சி.) 1956 நவம்பர் 14இல் உருவானது. நேரு 1957 மே 20இல் சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். ராஞ்சி கனரக இயந்திர ஆலை, கோர்பா நிலக்கரிச் சுரங்கம் ஆகியவற்றோடு நெய்வேலி மின் நிலையத்தையும் உள்ளடக்கிய 50 கோடி ரூபிள் சோவியத் கடன் ஒப்பந்தம் அதே ஆண்டு நவம்பரில்தான் கையெழுத்தானது. கடனுக்கு முன்பே மண்வெட்டி இறங்கிவிட்டது.

கடனுக்கு முன்பே திட்டமும் முழு வடிவம் பெற்றிருந்தது. இங்கே நான் ஓர் எண்ணில் நிற்கிறேன். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்ட ஆவணம் நெய்வேலிக்கு விதித்த அளவுகள் இவை: ஆண்டுக்கு 35 லட்சம் டன் பழுப்பு நிலக்கரி, 3,80,000 டன் கரியாக்கப்பட்ட கட்டிகள், 70,000 டன் நைட்ரஜன் அளவுக்கு உரம், 2,11,000 கிலோவாட் மின் நிலையம். நெய்வேலியைப் பற்றிய பிற்கால எழுத்துகள் பல மின் நிலையத்தின் தொடக்கத் திறனை 250 மெகாவாட் என்றே குறிக்கின்றன. 211 எங்கே போனது?

உரத்தின் எண் நழுவவில்லை. உர ஆலையின் திறன் 1,52,000 டன் யூரியா என்று அமைந்தது. யூரியாவில் நைட்ரஜன் ஏறத்தாழ 46 விழுக்காடு. பெருக்கிப் பார்த்தால் அதே 70,000 டன் வருகிறது. மேற்கத்திய நிறுவனங்கள் கைவைத்த உரப் பகுதியில் திட்டத்தின் எண் அப்படியே நிற்க, சோவியத் பகுதியில் எண் 39 மெகாவாட் கூடியிருக்கிறது.

இயந்திரங்களே விடை சொல்கின்றன என்று கருதுகிறேன். முதல் அனல் மின் நிலையத்தில் நிறுவப்பட்டவை ஆறு 50 மெகாவாட் அலகுகளும் மூன்று 100 மெகாவாட் அலகுகளும். 50 மெகாவாட் அலகு நான்கு வைத்தால் 200. அது 211க்குப் போதாது. ஐந்து வைத்தால் 250. இலண்டன் அறிக்கை நிலக்கரியின் அளவிலிருந்து மின்சாரத்தைக் கணக்கிட்டது. மாஸ்கோ தன்னிடம் இருந்த இயந்திரத்தின் அளவிலிருந்து கணக்கிட்டது. இது என் ஊகம். இதை நேரடியாகச் சொல்லும் கடிதம் எதையும் நான் சான்றாக வைக்கவில்லை. ஆனால் பின்வந்த விரிவாக்கங்களும் இதே தடத்தில்தான் போகின்றன. மூன்றாம் திட்டத்தில் 250ஐ 400 ஆக்கினார்கள்: ஆறாவது 50, முதல் 100. பின்னர் 400ஐ 600 ஆக்கினார்கள்: இன்னும் இரண்டு 100. அலகுகளின் வரிசையே ஒரு கல்வெட்டாக நிற்கிறது. அதில் உதவி அளித்த நாட்டின் கைத்தடம் உண்டு. ஆனால் அந்தத் தடம் மொத்த அளவைத் தன் அலகுக்கேற்பத் திருத்தியதோடு நின்றது. எதைக் கட்டுவது, எதற்காகக் கட்டுவது என்ற முடிவு சென்னையிலும் தில்லியிலும் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. இதைக் கொள்கை அணிகளின் இழுபறி என்று படிக்க முடியவில்லை.

இன்னொரு கேள்வி உண்டு. மின் நிலையம் சோவியத்துக்குப் போனபோது சுரங்கம் ஏன் போகவில்லை? சோவியத் முகாமுக்குப் பழுப்பு நிலக்கரியில் அறிவுக் குறைவு இல்லை. அதை உலகிலேயே மிக அதிகமாக வெட்டிய நாடாக விளங்கியது கிழக்கு ஜெர்மனி. அப்படியிருந்தும் நெய்வேலிக்கு வந்தது மேற்கு ஜெர்மனியின் இயந்திரம். காரணத்தை வாஷிங்டன்–மாஸ்கோ கோட்டில் தேடினால் கிடைக்காது. இரு ஜெர்மனிகளின் தலைநகரங்களான பான் நகருக்கும் கிழக்கு பெர்லினுக்கும் இடையில் தேட வேண்டும். கிழக்கு ஜெர்மனியை அங்கீகரிக்கும் நாட்டோடு உறவை முறிப்போம் என்பது 1955 முதல் மேற்கு ஜெர்மனியின் கொள்கை. இந்தியா கிழக்கு ஜெர்மனியை முழுமையாக அங்கீகரித்தது 1972இல்தான். ரூர்கேலா, சென்னை ஐ.ஐ.டி., நெய்வேலிச் சுரங்கம் ஆகிய மூன்றும் அந்த இடைவெளிக்குள் வருகின்றன. இதைத் தற்செயல் என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. சான்று மெலிந்திருந்தாலும் இந்தக் கோணத்தை எங்கர்மேனின் இருமுனைச் சட்டகத்துக்கு எதிராக வலியுறுத்துகிறேன்: நெய்வேலியில் போட்டியிட்ட நாடுகள் இரண்டு அல்ல, குறைந்தது மூன்று.

போட்டியின் முடிவைத் தீர்மானித்தது குழி. கடலூர் மணற்பாறை, ரைன் பகுதியின் இளகிய மண்ணுக்காக வடிக்கப்பட்ட சக்கரப் பற்களைத் தேய்த்தது. பாறையை முதலில் வெடிவைத்துத் தளர்த்திய பிறகே சக்கரத்தை ஓட்ட வேண்டியிருந்தது. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத் தரையே வெடித்து எழும். இந்த இரண்டையும் வென்று 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படிவத்தை வெளிக்கொணர்ந்த பிறகுதான், 1962 மே மாதம் முதல் சோவியத் அலகு இயங்கத் தொடங்கியது. ஜெர்மன் சக்கரம் தடுமாறினால் சோவியத் கொதிகலன் பசித்துக் கிடக்கும். கடைசி அலகு 1970இல் வந்து 600 மெகாவாட் நிறைந்தபோதும், போதிய நிலக்கரி வராமல் அந்தத் திறன் முழுவதையும் எட்ட முடியாமல் போனது. இதை மாஸ்கோவின் தோல்வி என்பதா, பான் நகரின் தோல்வி என்பதா? ஒன்றின் சாதனையை மற்றொன்றிலிருந்து பிரித்தெடுக்க முடியாத அமைப்பில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

எங்கர்மேன் சொல்லும் ‘விலை’ இங்கே அறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. மின்சாரம் மட்டும் வளர்ந்து, வேதித் தொழில் தேய்ந்தது. உர ஆலை 1970களின் இறுதியில் பழுப்பு நிலக்கரியைக் கைவிட்டு எரிஎண்ணெய்க்கு மாறியது. தமிழ்நாட்டு அடுப்புகளுக்கு எரிபொருளாக இருந்த கரியாக்கப்பட்ட கட்டியான லெக்கோவும், யூரியாவும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றுபோயின. பல்நோக்குத் திட்டம் ஒருநோக்குத் திட்டமாகச் சுருங்கியது பெரும் இழப்பு. ஆனால் அதை இயக்கியது தமிழ்நாட்டின் மின்பசியும், நிலக்கரியை எரிப்பதே மலிவு என்ற கணக்கும். கொள்கைச் சண்டைக்கு அதில் பங்கு சிறிது.

1980களில் எழுந்த இரண்டாம் அனல் மின் நிலையத்தின் முதல் கட்டம் இதற்கு இறுதிச் சான்று. அதற்கு ஹங்கேரியிலிருந்து கொதிகலன், இத்தாலியிலிருந்து சுழலி. ஒரே மின் நிலையத்துக்குள் இரு முகாம்களும் ஒரு நீராவிக் குழாயால் இணைக்கப்பட்டன. இதைச் செய்து காட்டிய நிறுவனத்தைத் தளர்ந்துபோன அமைப்பு என்று எப்படிச் சொல்வது? இரு வல்லரசுகளின் போட்டியைத் தன் தேவைக்கேற்பப் பங்கிட்டு வாங்கி, இடையில் விழுந்த பிளவுகளைத் தன் பொறியாளர்களையும் தொழிலாளர்களையும் கொண்டு ஒட்டவைத்த நிறுவனம் அது. நெய்வேலியைப் பொறுத்தவரை எங்கர்மேனின் தீர்ப்பைத் திருத்தியாக வேண்டும்.

அந்தத் திருத்தத்தை முழுமையாக்கும் சான்றுகள் காகிதத்தில் இருக்கின்றன. முதல் அனல் மின் நிலையம் 58 ஆண்டுகள் உழைத்து 2020இல் ஓய்வுபெற்றது. அதன் ரஷ்ய வரைபடங்களையும், சுரங்க இயந்திரங்களின் ஜெர்மன் கையேடுகளையும், தொடக்ககாலப் பணிப் பதிவுகளையும் பழைய இரும்போடு சேர்த்து அனுப்பிவிடாமல் ஓர் ஆவணக் காப்பகத்தில் சேர்க்க என்.எல்.சி. நிறுவனமும் தமிழ்நாடு அரசும் உடனே முன்வர வேண்டும்.