துடுப்புப் பிடிக்கும் தகுதி: ஆடவர் படகுப் போட்டியில் விலக்கலின் வரலாறு (1715–2024)

ஆடவர் துடுப்புப் படகுப் போட்டியின் வரலாறு பெரும்பாலும் பதக்கப் பட்டியலாகவோ படகின் வடிவ மாற்றமாகவோ எழுதப்படுகிறது. இரண்டுக்கும் அடியில் ஒரு பழைய வழக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது: படகில் ஏற யாருக்குத் தகுதி உண்டு? கூலிக்குத் துடுப்புப் போட்டவர்கள் வளர்த்த விளையாட்டு அவர்களுக்கே மறுக்கப்பட்டது எப்படி, திரும்பக் கிடைத்தது எப்படி என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. விலக்கல் முற்றிலும் ஒழியவில்லை, அதன் அளவுகோல்தான் மாறியது என்பது இக்கட்டுரையின் முடிபு.

இன்றும் நடைபெறும் படகுப் போட்டிகளுள் மிகப் பழமையானது லண்டனில் 1715இல் தொடங்கியது. தாமஸ் டாகெட் என்ற அயர்லாந்து நடிகர், தேம்ஸ் நதியில் பயிற்சிக் காலத்தை முடித்த இளம் படகோட்டிகளுக்காக அதை ஏற்படுத்தினார். லண்டன் பாலத்திலிருந்து செல்சீ வரை ஓட்டி முந்துபவருக்குச் சிவப்பு அங்கியும் வெள்ளி வில்லையும் பரிசு. பாலங்கள் அரிதான அக்காலத்தில் லண்டன் மக்கள் ஆற்றைக் கடக்க இவர்களையே நம்பியிருந்தார்கள். தொழிலில் வல்லவன் யார் என்பதை ஊரறியச் செய்த போட்டி அது.

அடுத்த நூற்றாண்டில் இந்தத் தொழிலாளர் மரபு உச்சம் தொட்ட இடம் வடக்கே நியூகாசிலின் டைன் நதி. அங்கே ஹாரி கிளாஸ்பர் சிறு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். துடுப்பின் தாங்கியைப் படகின் விளிம்புக்கு வெளியே நீட்டி, படகை ஒடுக்கமாக்கி வேகம் கூட்டும் முறையைச் செம்மைப்படுத்தியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1870இல் அவர் இறந்தபோது இறுதி ஊர்வலத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டதாக மதிப்பிட்டார்கள். மறு ஆண்டு அதே நதியின் வீரர் ஜேம்ஸ் ரென்ஃபோர்த் கனடாவின் கென்னபெகாசிஸ் ஆற்றில் போட்டியின் நடுவே சரிந்து விழுந்து உயிர்விட்டார். அவருக்கு வயது 29. கரையோரத்து ஊர் ஒன்று அவர் பெயரைத் தாங்கியது. கனடாவின் நெட் ஹான்லன் 1880இல் ஆஸ்திரேலியாவின் எட்வர்ட் டிரிக்கெட்டைத் தேம்ஸில் வென்று உலக வாகையர் ஆனபோது, ஒற்றையர் படகோட்டம் உலகெங்கும் பார்வையாளர்களை ஈர்த்த விளையாட்டுகளில் ஒன்றாக இருந்தது.

பணப்பந்தயம் அதன் பலமாகவும் நோயாகவும் இருந்தது. 1879 அக்டோபரில் ஹான்லனுடன் மோதவிருந்த அமெரிக்கர் சார்லஸ் கோர்ட்னியின் படகுகளைப் போட்டிக்கு முந்தைய இரவில் யாரோ அறுத்துப் போட்டார்கள். பணக்காரக் கழகங்கள் தொழில்முறைப் போட்டியை அருவருத்ததற்கு இத்தகைய சம்பவங்களைக் காரணமாகக் காட்டுவது வழக்கம். பந்தய ஊழல் உண்மைதான். ஆனால் அதே ஆண்டில் இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டியின் நிர்வாகிகள் வகுத்த விதியைப் படிப்பவருக்கு இந்த விளக்கம் போதாது.

ஹென்லி போட்டி 1839இல் தொடங்கியது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்களும் லண்டன் கழகங்களும் அதன் தூண்கள். 1879இல் அங்கே போட்டியிடத் தகுதியுள்ள அமெச்சூர் யார் என்று வரையறுத்தார்கள். பணத்துக்குப் போட்டியிட்டவர் அமெச்சூர் ஆகார். விளையாட்டுப் பயிற்சியைப் பிழைப்பாகக் கொண்டவர் ஆகார். படகுத் தொழிலில் கூலி வாங்கியவர் ஆகார். இதுவரை ஒருவகை நியாயம் உண்டு. அத்தோடு நிற்காமல், கூலிக்கு உழைக்கும் இயந்திரத் தொழிலாளி, கைவினைஞர், உடலுழைப்பாளி எவரும் அமெச்சூர் ஆகார் என்றும் சேர்த்தார்கள். ஒரு காசுகூடப் பந்தயம் கட்டாத தச்சரும் கொல்லரும் இதில் அடிபட்டுப் போனார்கள். உழைப்பில் முறுக்கேறிய உடல் நியாயமற்ற அனுகூலம் என்பது அப்போது சொல்லப்பட்ட வாதம். விதியின் இலக்கு சூதாட்டம் அல்ல, வர்க்கம் என்பதே என் முடிவு. 1882இல் உருவான இங்கிலாந்தின் அமெச்சூர் படகோட்டச் சங்கமும் இதே வழியில் சென்று, 1886இல் ஏவல் வேலை செய்வோரையும் பட்டியலில் சேர்த்தது.

எதிர்ப்பு எழாமல் இல்லை. உழைப்பாளிகளையும் சேர்த்துக்கொள்ளும் தேசிய அமெச்சூர் படகோட்டச் சங்கம் 1890இல் தோன்றியது. அதற்குத் துணைநின்றவர்களில் ஒருவர், ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் தொடக்ககாலப் பதிப்பாசிரியரான ஃபிரெடரிக் ஃபர்னிவால். இரண்டு சங்கங்களும் இணைய 1956 வரை ஆயிற்று.

இதற்குள் கழகப் படகோட்டம் கப்பலேறி வெளிநாடுகளுக்கும் போயிருந்தது. ஆங்கிலேயர் 1864இல் கொழும்பிலும் 1867இல் சென்னை அடையாற்றங்கரையிலும் படகுக் கழகங்களை நிறுவினார்கள். இரண்டுக்கும் இடையே சென்னை–கொழும்புப் போட்டி 1898இல் தொடங்கியது. சென்னையில் துறைமுகம் எழும் முன், கப்பலில் வந்த ஆங்கிலேயரை அலைகளின் ஊடே கரைசேர்த்தவர்கள் மசூலாப் படகோட்டிகள். பிழைப்புக்கான படகோட்டமும் பொழுதுபோக்குக்கான படகோட்டமும் ஒரே ஊரில் ஒன்றையொன்று தொடாமல் நடந்தன.

ஹென்லி விதியால் பாதிக்கப்பட்டவர்களில் மிகப் புகழ்பெற்றவர் ஃபிலடெல்ஃபியாவின் ஜாக் கெல்லி. செங்கல் அடுக்கும் கொத்தனாராக இருந்தவர். 1920இல் ஹென்லியின் டைமண்ட் ஸ்கல்ஸ் ஒற்றையர் போட்டிக்கு அவர் அனுப்பிய விண்ணப்பம் தள்ளப்பட்டது. கொத்தனார் என்பதால் மறுத்தார்கள் என்பது பரவலான கதை. அவருடைய வெஸ்பர் கழகத்தின் மீது 1906 முதல் இருந்த தடைதான் காரணம் என்று மறுப்போரும் உண்டு. நிர்வாகிகளின் குறிப்பில் இரண்டு காரணங்களும் பதிவாகியுள்ளன. எனவே இரு தரப்பும் பாதி உண்மையையே பேசுகின்றன. கழகத் தடை இல்லாதிருந்தாலும் உடலுழைப்பு விதி அவரை வெளியே நிறுத்தியிருக்கும். அவ்வாண்டு டைமண்ட் ஸ்கல்ஸை வென்றவர் ஜாக் பெரஸ்ஃபோர்டு. சில வாரங்கள் கழித்து ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் கெல்லி அவரை ஒரே வினாடி வித்தியாசத்தில் வென்றார். அரை மணி நேர இடைவெளியில் உறவினரான பால் காஸ்டெல்லோவுடன் இரட்டையரிலும் தங்கம் பெற்றார். கெல்லியின் மகன் 1947இலும் 1949இலும் டைமண்ட் ஸ்கல்ஸை வென்றார்.

ஆஸ்திரேலியாவின் பாபி பியர்ஸ் கதை விதியின் போலித்தனத்தை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கின் ஒற்றையர் வாகையரான அவர் ஹென்லிக்கு லாயக்கில்லை, ஏனென்றால் தச்சர். பொருளாதார வீழ்ச்சியில் வேலையின்றித் தவித்தவருக்குக் கனடாவில் விஸ்கி விற்பனையாளர் வேலை கிடைத்தது. அதன்பின் 1931இல் அதே டைமண்ட் ஸ்கல்ஸில் அனுமதித்தார்கள், வென்றார். அதே ஆள், அதே தோள்வலிமை, மாறியது வேலை மட்டும்.

1936இல் ஆஸ்திரேலியக் காவலர்களின் எண்மர் படகுக்கும் ஹென்லி கதவை அடைத்தது. அந்தக் கோடையில் பெர்லின் ஒலிம்பிக்கின் எண்மர் தங்கத்தை வென்றவர்கள் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள். மரம் வெட்டுவோர், விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகள் பலர் அதில் இருந்தார்கள். அவர்களின் படகைக் கட்டிய ஜார்ஜ் போகாக், ஈட்டன் பள்ளியின் படகு கட்டும் குடும்பத்தில் பிறந்தவர். அவர் சகோதரர் டிக் 1910இல் டாகெட் போட்டியை வென்றார். இங்கிலாந்தின் கனவான்கள் ஒதுக்கிய தொழில் மரபு அமெரிக்க மாணவர்களின் தங்கத்துக்கு அடித்தளமானது. காவலர்களை விலக்கியதற்கு எழுந்த கண்டனத்துக்குப் பிறகு 1937இல் ஹென்லி உடலுழைப்பு விதியை நீக்கியது. அதை நான் தாராளம் என்று கொள்ளவில்லை, தாமதம் என்றே கொள்கிறேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் நாடும் கிழக்கு ஜெர்மனியும் அரசுச் செலவில் முழுநேர வீரர்களை உருவாக்கின. மற்ற நாடுகளில் உழைப்பாளிகளும் உச்சிக்கு வந்தார்கள்: ஃபின்லாந்தின் தீயணைப்பு வீரர் பெர்ட்டி கார்ப்பினன் 1976, 1980, 1984 என மூன்று முறை ஒற்றையர் தங்கம் வென்றார். கட்டடக்காரரின் மகன் ஸ்டீவ் ரெட்கிரேவும் ஈட்டனில் படித்த மாத்யூ பின்சென்டும் ஒரே படகில் அமர்ந்து 1992இலும் 1996இலும் வென்றபோது பழைய விதியின் கடைசி நிழலும் விலகியது. கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த பயிற்சியாளர் யூர்கன் கிரோப்ளரே அவர்களை வழிநடத்தினார்.

இந்தியாவில் இதே மாற்றம் ராணுவத்தின் வழியாக நடந்தது. 2010 குவாங்ஜோ ஆசிய விளையாட்டில் இந்தியாவின் முதல் படகோட்டத் தங்கத்தை வென்ற பஜ்ரங் லால் தாக்கர் ராணுவ வீரர். 2016 ரியோவில் ஒற்றையரில் 13ஆம் இடம் பெற்ற தத்து போகனல், நாசிக் மாவட்டத்தின் வறண்ட கிராமத்தில் தந்தையுடன் கிணறு வெட்டியவர். 1879 விதியின்படி அவர் ஹென்லியின் கரையில்கூட நின்றிருக்க முடியாது.

இனி இன்றைய தடை. 2000 மீட்டர் போட்டியில் நீண்ட கையும் காலும் ஒவ்வொரு வீச்சையும் நீட்டுகின்றன. 2024 பாரிஸில் ஒற்றையர் தங்கம் வென்ற ஜெர்மனியின் ஆலிவர் ஸைட்லரின் உயரம் 2.03 மீட்டர். இந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யவே 1996இல் இலகு எடைப் பிரிவு ஒலிம்பிக்கில் வந்தது. ஆடவருக்கு எடை வரம்பு 72.5 கிலோ. படகில் இருப்போரின் சராசரி 70ஐத் தாண்டக் கூடாது. டோக்கியோவில் அர்ஜுன் லால் ஜாட்டும் அரவிந்த் சிங்கும் இந்தப் பிரிவின் இரட்டையரில் 11ஆம் இடம் பிடித்தார்கள். படகோட்டத்தில் இந்தியா எட்டிய மிக உயர்ந்த ஒலிம்பிக் இடம் அது. பாரிஸோடு இந்தப் பிரிவை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். சாதியும் வர்க்கமும் பாராத முடிவு என்றாலும், ஆசிய உடல்வாகு கொண்ட பலரை அது வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது. அதை நான் தவறான முடிவு என்றே கருதுகிறேன்.

2028 லாஸ் ஏஞ்சல்ஸில் அந்த இடத்துக்கு வருவது கடற்கரைப் படகோட்டம். வீரர் மணலில் ஓடிப் படகேறி, அலையைக் கடந்து, 250 மீட்டர் தொலைவு மிதவைகளைச் சுற்றிச் சென்று திரும்பி, மீண்டும் மணலில் ஓடி முடிக்க வேண்டும். உடல் நீளத்தைவிட அலையறிவுக்கு இதில் கூடுதல் இடமுண்டு. தமிழகக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. அதன் மீனவக் குப்பங்களில் வளரும் இளைஞர்களைத் தேடிச் சென்று, படகும் பயிற்சியாளரும் கொடுக்கும் வேலையை விளையாட்டு ஆணையமும் படகுக் கழகங்களும் இப்போதே தொடங்க வேண்டும்.