வாவிக்கரை நினைவுச்சின்னங்களும் அவற்றின் உரித்தாளரும்

மட்டக்களப்பு வாவி கடற்கரைக்குச் சமாந்தரமாக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. அதற்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம் எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் காடுமாக விரியும் நிலம் படுவான்கரை என்றும் வழங்கப்படுகின்றன. கடந்த நானூறு ஆண்டுகளில் இவ்விரு கரைகளிலும் எழுந்த கோட்டை, சமாதி, சிலை, தூபி ஆகியவற்றுள் எவை நிலைத்தன, எவை சிதைந்தன என்று ஆராய்ந்தால், அவற்றின் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானித்தது கல்லின் தரமோ செலவிட்ட பணமோ அன்று, ஆண்டுதோறும் அங்கு வந்தே தீர வேண்டியவர்கள் இருந்தார்களா என்பதே எனத் தெரிகிறது.

இந்த உண்மையை வாவிக்கரைச் சமூகம் தன் கோயில் நிருவாகத்தில் முன்னரே கைக்கொண்டிருந்தது. தாய்வழியில் தொடரும் மரபுக்குழுவே இங்கு குடி எனப்படுகிறது. கொக்கட்டிச்சோலை, மண்டூர் போன்ற இடங்களிலுள்ள பெருங்கோயில்களில் குடிகளுக்கும் ஊர்களுக்கும் உரிய பங்குகள் வகுக்கப்பட்டு, திருவிழா நாட்களும் மரியாதைகளும் அதற்கேற்பப் பகிரப்பட்டன. கோயிலின் உடைமைகளுக்கும் கணக்குக்கும் பொறுப்பானவர் வண்ணக்கர் எனப்பட்டார். முஸ்லிம் ஊர்களிலும் குடிகளின் சார்பில் மரைக்காயர்கள் பள்ளிவாசலைப் பரிபாலித்தனர். இந்த ஏற்பாடு சச்சரவுகளுக்கும் சாதி ஏற்றத்தாழ்வுக்கும் இடமளித்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் எந்த நாளில் எவர் வர வேண்டும், வராவிட்டால் எவர் கேட்பார் என்ற ஐயம் அங்கு எழவில்லை.

அரசுகள் எழுப்பியவற்றின் வரலாறு வேறு. மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628 இல் கட்டிய கோட்டையை, கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு உடன்பட்டு வந்த ஒல்லாந்தர் 1638 இல் கைப்பற்றினர். பின்னாளில் கச்சேரி, அதாவது மாவட்ட நிருவாக அலுவலகம், அதனுள் நெடுங்காலம் இயங்கியதால், அதைக் கட்டியவர்கள் மீது எவருக்கும் பற்று இல்லாதபோதும் அது பிழைத்தது. 1924 இல் ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரில் அமைந்த கல்லடி இரும்புப் பாலமும் அவ்வாறே. 2013 இல் அருகே புதிய பாலம் திறக்கப்பட்ட பின்னும் பழையது அகற்றப்படவில்லை. கோட்டை போன்ற தொன்மைகளுக்கு 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் காவலாக உள்ளது. அண்மைக்காலத் துயரங்களுக்கு எழுந்த தூபிகளுக்கோ அத்தகைய சட்டக் காவல் இல்லை.

தனிமனிதர்க்கு எழுப்பப்படும் சின்னங்களில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகிறது. காரைதீவில் 1892 இல் பிறந்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கி, ‘யாழ் நூல்’ வெளிவந்த 1947 ஆம் ஆண்டிலேயே மறைந்த சுவாமி விபுலாநந்தரின் சமாதி, கல்லடி உப்போடையில் அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயச் சூழலில் அமைந்துள்ளது. அவர் இயற்றிய பாடலே அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பாடசாலை இயங்கும்வரை அச்சமாதிக்கு ஆள் உண்டு. 1814 இல் வந்து ஓராண்டுக்குள் இறந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட்டின் பெயரையும் சிலையைவிட உறுதியாகத் தாங்கி நிற்பது அவர் தொடங்கிய மத்திய கல்லூரியே. மாறாக, 2012 ஏப்ரலில் நகரிலிருந்த காந்தி, பேடன் பவல், விபுலாநந்தர், புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை ஆகியோரின் சிலைகள் சேதமாக்கப்பட்டன. பெருந்தெருவில் பீடத்தின்மேல் நிற்கும் சிலையை எல்லாரும் பார்க்கின்றனர். எல்லாருக்கும் பொதுவானது என்பதாலேயே அது இரவில் எவருடைய பொறுப்பிலும் இல்லை. ஒரே பெரியாரின் சமாதி பேணப்பட, அவர் சிலை தாக்குதலுக்கு உள்ளானதை சின்னங்களுக்கு இடத்தைத் தெரிவுசெய்வோர் கருத்திற் கொள்ள வேண்டும்.

கட்டுமானப் பொருள் பற்றிய கவலையும் இதனோடு சேர்ந்ததே. உப்புக்காற்று வீசும் இக்கரையில், கொங்கிறீட்டினுள் இடப்படும் இரும்புக் கம்பி துருவேறிப் பருத்து, மேற்பூச்சைப் பிளந்துகொண்டு வெளிவருகிறது. வடகீழ்ப் பருவமழை அந்த வெடிப்புகளில் இறங்குகிறது. திறப்பு விழாவுக்குப் பணம் கிடைப்பதுபோல் பத்தாம் ஆண்டின் பழுதுபார்ப்புக்குக் கிடைப்பதில்லை என்பதால், கம்பியில்லாக் கற்கட்டு, ஊராரே பூசக்கூடிய சுண்ணாம்பு, நிழல்தரும் மரம் ஆகியவை பளபளப்பான பளிங்கைவிட அறிவான தெரிவுகளாகும்.

மிகக் கடினமான வினாக்களை எழுப்புவன போர்க்காலச் சின்னங்கள். 1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடியின் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் தொழுகையிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் 5 ஆம் திகதி வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர்களுள் 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமலாயினர். 9 ஆம் திகதி சத்துருக்கொண்டானிலும் அயலூர்களிலும் இருந்து இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட 184 பேர் கொல்லப்பட்டனர். காத்தான்குடியில் தனித்த தூபியைவிட வலுவான சான்றாகப் பள்ளிவாசற் சுவரின் குண்டுத் துளைகளே பேணப்படுகின்றன. ஆகஸ்ட் 3 அங்கு சுஹதாக்கள் தினம், அதாவது உயிர்த்தியாகிகளின் நாள். நாள்தோறும் தொழுகைக்கு வருவோரே அச்சுவரின் காவலர். சத்துருக்கொண்டானில் ஆண்டுதோறும் செப்டம்பரில் உறவினர் தூபியடியில் கூடிச் சுடரேற்றுகின்றனர். படுவான்கரையின் மகிழடித்தீவில், 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் நிகழ்ந்த படுகொலைகளின் நினைவும் அவ்வாறே காக்கப்படுகிறது. தரவை, மாவடிமுன்மாரி, கண்டலடி ஆகிய இடங்களிலிருந்த, விடுதலைப் புலிகளின் மாவீரர் துயிலும் இல்லங்களின் கல்லறைகள் அழிக்கப்பட்ட பின்னரும், மாவீரர் நாளான நவம்பர் 27 இல் அவ்விடங்களைத் தேடி வருவோர் உளர். கல் போனபின்னும் கடமை எஞ்சுவதற்கு இதனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

தெற்கிலும் இதே பாடம் கிடைக்கிறது. 1980களின் இறுதியில் தென்னிலங்கையில் கொல்லப்பட்ட, காணாமலாக்கப்பட்ட இளையோருக்காகச் கலைஞர் ஜகத் வீரசிங்க வடிவமைத்த நினைவாலயத்தை அரசு 1999 இல் நாடாளுமன்றத்துக்கு அண்மையில் கட்டியது. அது கவனிப்பாரற்றுப் போய்ப் பின்னர் அகற்றப்பட்டது. சீதுவையின் ரத்தொலுவைச் சந்தியில் 2000 ஆம் ஆண்டில் எழுந்த, சந்திரகுப்த தேனுவர வடிவமைத்த சுவரோ நிற்கிறது. காணாமலாக்கப்பட்டோரின் ஒளிப்படங்கள் அதில் பதிக்கப்பட்டுள்ளன, குடும்பத்தினர் ஒவ்வோர் அக்டோபர் 27 இலும் அங்கு கூடுகின்றனர். வொஷிங்டனில் 1982 இல் திறக்கப்பட்ட வியட்நாம் போர் நினைவுச்சுவர் ஐம்பத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்களைத் தரவரிசையின்றி இறந்த திகதி ஒழுங்கில் தாங்குவதும், பெயரைத் தேடி வருபவரை உரித்தாளராக்கும் ஏற்பாடே. எனவே வாவிக்கரையில் இனி எழும் தூபிகளில் எண்ணிக்கையை மட்டும் பொறிப்பது போதாது. உறவினர் உடன்பட்டால், பெயரும் ஊரும் வயதும் வேண்டும்.

எவர் கொன்றார் என எழுதுவதா என்பதே அடுத்த இடர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் அழித்தபோது குற்றம் சுமத்த ஒருவரும் இல்லை என்பதால், அதற்கு நினைவிடம் அமைப்பதை எந்த அதிகாரியும் தடுக்கவில்லை. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலில் அலையால் சரிந்த கோபுரம் எவரும் திட்டமிடாமலே சின்னமாயிற்று. படுகொலைத் தூபியில் வினைமுதலைக் குறிப்பிடுவது தடைக்கும் அழிப்புக்கும் காரணமாகலாம். குறிப்பிடாது விட்டால், கொலையும் வெள்ளம்போல் தானே வந்துபோனதாகிவிடும். திகதி, இடம், கொண்டுசென்றவர் ஆகியவற்றை அடைமொழியின்றிப் பதிவதே இவ்விரண்டுள் நேர்மையானது.

நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாலோசனைச் செயலணி 2017 இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பின்னர் அனைவருக்கும் பொதுவான நினைவிடம் என்ற கருத்து மீண்டும் பேசப்படுகிறது. ஆனால் காத்தான்குடியின் ஆகஸ்டையும் சத்துருக்கொண்டானின் செப்டம்பரையும் ஒரே பீடத்தில் ஒரே நாளில் நினைவுகூரச் சொன்னால், இரு தரப்பாரும் வராமற்போவதே நடக்கும். தத்தம் ஊர்ச் சின்னங்களை அவரவர் பேண, அதற்கு மேலாகப் பொது இடம் ஒன்று அமையுமாயின், பெருங்கோயில்களில் குடிகளுக்குத் திருவிழா பகிர்ந்ததுபோல ஒவ்வோர் ஊருக்கும் அதற்குரிய நாளையும் சொல்லையும் ஒதுக்கி, திறவுகோலையும் கணக்கையும் பல ஊர்களின் பிரதிநிதிகளிடம் விட்டு, மாநகர சபை பழுதுபார்ப்புச் செலவை மட்டும் ஏற்கும் ஏற்பாடு, அடிக்கல் நாட்டுவதற்கு முன்னரே எழுத்தில் அமைய வேண்டும்.