ராஜா முகம் இல்லாத ராஜா காசு

இங்கிலாந்து ராஜ குடும்பத்தில் ஒரு விசேஷம் என்றால் உடனே ஒரு நாணயம் வந்துவிடும். 1977-ல் ராணியின் வெள்ளி விழாவுக்கு ஒன்று, 1981-ல் சார்லஸ் - டயானா கல்யாணத்துக்கு ஒன்று. லட்சக்கணக்கில் அடித்ததால் இன்றும் பெரிய விலை கிடையாது. ஆனால் அந்த இரண்டிலும் ராணியின் முகம் மட்டும் தவறாமல் இருக்கும்.

பாறசாலையையும் நெய்யாற்றின்கரையையும் ஆண்ட திருவிதாங்கூர் ராஜாக்களும் விழாவுக்கு நாணயம் அடித்தவர்கள்தான். துலாபுருஷ தானம் என்று ஒரு சடங்கு. தராசின் ஒரு தட்டில் மகாராஜா, மறு தட்டில் அவர் எடைக்குத் தங்கம். மூலம் திருநாள் 1892-ல் இதைச் செய்தார். அதற்கென்று அடித்த தங்கக் காசில் ஒரு பக்கம் சங்கு, மறுபக்கம் மலையாள எழுத்தில் 'ஸ்ரீ பத்மநாப'. விழா ராஜாவுக்கு, காசில் பெயரோ சாமிக்கு!

காரணம் இருக்கிறது. 1750-ல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிக்கொடுத்து, தன்னைப் பத்மநாப தாசன் என்று சொல்லிக்கொண்டார். எதிரிகளுக்குப் பயந்து நெய்யாற்றின்கரை அம்மச்சிப் பிலாவின் பொந்தில் ஒளிந்ததாக ஊர் சொல்லும் அதே ராஜாதான். தாசன் தன் முகத்தைக் காசில் போடுவதில்லை. பிற்காலத்தில் சித்திரைத் திருநாளின் செம்புச் சக்கரத்தில் முகம் வந்தது. அதிலும் சங்கை விடவில்லை.

சரி, அந்தத் தங்கக் காசு பாறசாலையில் பனை ஏறியவர் கைக்கு வந்ததா? இல்லை. அது தானம் வாங்கிய பிராமணர்களோடு போயிற்று. நம் பாட்டன் பூட்டன் கண்ட ராஜா காசு செம்பும் பொடி வெள்ளியும்தான்.

அதன் கணக்கைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய், அதாவது 28 சக்கரம். வெள்ளைக்காரன் ரூபாய்க்கோ 28 சக்கரமும் 8 காசும். மொத்தம் 456 காசு. வெள்ளிச் சக்கரம் விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிறியது. எண்ணுவதற்குக் குழிகள் போட்ட சக்கரப் பலகை வைத்திருந்தார்கள். காசைக் கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்று விழும். நோட்டு எண்ணும் மெஷினோடு காலம் தள்ளும் எனக்கு அந்தப் பலகைமேல் தனி மரியாதை!

அன்று ஆரல்வாய்மொழியைத் தாண்டித் திருநெல்வேலிச் சீமைக்குப் போனால்தான் அணாவும் தம்பிடியும். பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் ஒரே சக்கரம். 1949 ஜூலையில் திருவிதாங்கூர் கொச்சியோடு இணைந்து, தனி ராஜ்ஜியம் என்பது முடிந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் விளவங்கோடு தமிழர் பக்கமும் நெய்யாற்றின்கரை கேரளத்திலுமாகப் பிரிந்தன. மாமன் ஒரு மாநிலம், மச்சான் ஒரு மாநிலம். அந்தக் காசுக்கு மட்டும் இந்த எல்லை தெரியாது.

லீவில் ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க: 1972-ம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருடம் கடந்த நாணயம் தொல்பொருள், அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம். எழுத்து தேயும், மதிப்பும் போகும். வெள்ளி எடைக்குப் போடுவதற்கு முன்னால், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் காசை அவர்கள் கையில் கொடுத்து, எதற்கு எத்தனை சக்கரம் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். காசு எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்தக் கணக்கு கிடைக்காது.