எண்ணிக்கையும் தரமும்

ஓர் ஆய்வைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்று எண்ணி அதன் தரத்தை அளப்பதை இன்று நாம் காண்கிறோம். இவ்வகை அளவீட்டின் முன்னோடிகளுள் ஒருவர், சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ். ஆர். ரங்கநாதன். நூலகப் பணிகளைப் புள்ளியியலால் ஆராயும் நூலக அளவியலை அவர் 1948இல் முன்மொழிந்தார். 1960களில் அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு, தொடர்புடைய கட்டுரைகளைத் தேடிக் கண்டடைய அறிவியல் மேற்கோள் அட்டவணையை உருவாக்கினார். தேடலுக்கான அக்கருவியே பின்னர் அறிஞர்களை அளக்கும் கோலாயிற்று. நம் நாட்டில் கட்டுரை எண்ணிக்கை பதவி உயர்வுக்குத் துணையானபோது போலி ஆய்விதழ்களும் பெருகின. 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. ஹதீஸ் கலை அறிஞர்கள் அறிவிப்பாளர்களை எண்ணியதோடு நிற்கவில்லை. ஒவ்வொருவரின் நேர்மையையும் நினைவாற்றலையும் ஆராய்ந்தனர். நாமும் ஓர் ஆய்வைப் படித்தறிந்தே மதிப்பிடுவோமாக.