கடைமடைக்கு நீர் எட்டாதது ஏன்?



காவிரிப் படுகையில் வாழும் உழவர் பெருமக்கள் ஓர் உண்மையை நன்கு அறிவர். கடைமடையில் பயிர் வாடினால், ஆற்றிலே நீர் இல்லையென்று அவர்கள் உடனே முடிவு கட்டிவிடுவதில்லை. மண்வெட்டியைத் தோளில் இட்டுக்கொண்டு வாய்க்காலின் கரையோடு மேல்நோக்கி நடப்பர். எந்த மதகு அடைபட்டிருக்கிறது, எவ்விடம் தூர்ந்திருக்கிறது என்று பார்த்து வருவர். பொறியியல் துறையில் தேர்ச்சியுடையோர் போதவில்லை என்னும் குரல் எழும்போதெல்லாம் நாமும் அவ்வாறே செய்தல் வேண்டும். நாட்டில் திறன் இல்லையா? அன்றி, திறன் வரும் வழி அடைபட்டிருக்கிறதா? இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடையை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியின் தோற்றமே ஒரு பற்றாக்குறையின் விளைவுதான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் தென்னாட்டில் பெரும் நிலப்பரப்பைத் தம் ஆட்சிக்குள் கொணர்ந்தனர். நிலத்தை அளக்கவும் படம் வரையவும் ஆள் வேண்டியிருந்தது. அத்தொழில் கற்ற ஐரோப்பியர் சிலரே. அவர்களுக்கு ஆகும் செலவோ மிகுதி. மைக்கேல் டாப்பிங் என்னும் வானநூல் வல்லுநர் இதற்கு ஒரு வழி கண்டார். ஆதரவற்றோர் இல்லத்துச் சிறுவர்களைத் தேர்ந்து நில அளவை கற்பிக்கும் பள்ளி ஒன்று, அவரது முயற்சியால் 1794-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பெற்றது. எவரும் பொருட்படுத்தாதிருந்த அச்சிறுவர்கள் அளவைக் கருவிகளைக் கையாளக் கற்றனர். அப்பள்ளியே காலப்போக்கில் பொறியியற் கல்லூரியாக வளர்ந்து, 1920-இல் கிண்டிக்கு இடம் பெயர்ந்தது. 1978 முதல் அது அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாக விளங்குகிறது.

இத்துணைத் தொன்மை வாய்ந்த நிலையத்தில், தொடக்கம் முதல் ஏறத்தாழ 146 ஆண்டுகள் வரை ஒரு பெண்ணும் மாணவியாக அமரவில்லை என்பது எண்ணத்தக்கது. கல்லூரி ஆண்களுக்கே உரியது என்பதை விதியாக எழுதிவைக்கவேண்டிய தேவைகூட இருந்திருக்காது. பெண்ணொருத்தி விண்ணப்பிப்பாள் என்று எவரும் எண்ணாதபோது, தடை தானாகவே நின்றுவிடுகிறது.

நம் நாட்டுப் பொறியியற் கல்விக்கு அந்நாளில் முன்மாதிரியாக இருந்தது இங்கிலாந்து. அங்கே நிகழ்ந்ததையும் சிறிது நோக்குவோம். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. ஆடவர் போர்முனைக்குச் சென்றனர். தொழிற்சாலைகளில் கை குறைந்தது. அதுவரை ‘பெண்களுக்கு ஏலாது’ என்று விலக்கப்பட்டிருந்த கடைசல் இயந்திரங்களையும் துளையிடும் இயந்திரங்களையும் பல்லாயிரம் பெண்கள் இயக்கினர். 1918-இல் போர் ஓய்ந்தது. அடுத்த ஆண்டிலேயே, போருக்கு முந்தைய தொழில் வழக்கங்களை மீட்டமைக்கும் சட்டம் ஒன்று அங்கே நிறைவேறிற்று. பெண்கள் பலர் தாம் கற்ற தொழிலை விட்டு வெளியேற நேர்ந்தது. திறன் நேற்று இருந்து இன்று மறைந்துவிடவில்லை; தேவை தீர்ந்தது, கதவு மூடிற்று; அவ்வளவே. அந்நிலையை எதிர்த்தே 1919-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், எழுவர் கூடிப் பெண் பொறியாளர் சங்கத்தை இலண்டனில் நிறுவினர்.

அதே 1919-ஆம் ஆண்டில், ஆகஸ்டுத் திங்களில், சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அயலசோமயாஜுல லலிதா என்று பின்னாளில் அறியப்பட்டவர் அவர். தந்தையார் பப்பு சுப்பாராவ், கிண்டிக் கல்லூரியில் மின்பொறியியற் பேராசிரியர். அக்கால வழக்கப்படி லலிதாவுக்குப் பதினைந்தாம் வயதில் மணம் நடந்தது. எனினும் பள்ளியிறுதி வகுப்புவரை அவர் படித்தே ஆகவேண்டும் என்று தந்தையார் உறுதியாக நின்றார். பின்னர்ப் பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. லலிதாவுக்குப் பதினெட்டு வயது. மடியில் நான்கு மாதக் கைக்குழந்தை. அந்நிலையில் கணவர் மறைந்தார்.

கைம்பெண்ணை வீட்டின் ஒரு மூலையில் ஒதுக்கிவைத்த காலம் அது. லலிதா கல்வியை நாடினார். இராணி மேரி கல்லூரியில் இண்டர்மீடியட் தேர்வில் முதல் வகுப்பில் தேறினார். மருத்துவம் பயின்றால், நேரங்காலமின்றிக் குழந்தையைப் பிரிந்திருக்க நேரும் என்று கருதிப் பொறியியலைத் தேர்ந்தார். தந்தையார் கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசினார், கல்வித்துறை இயக்குநர் ஸ்டாதம் என்பவரும் இசைவளித்தார். 1940-இல் நூற்றுக்கணக்கான மாணவர்களிடையே ஒரே மாணவியாக லலிதா கிண்டியில் சேர்ந்தார்.

இடம் கிடைத்ததோடு இடர் தீர்ந்துவிடவில்லை. விடுதியில் பேசுவதற்கும் துணையின்றி அவர் தனித்திருந்தார். இதனை உணர்ந்து, பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் செய்யப்பெற்றது. அதைக் கண்டு லீலாம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்னும் இருவர் கட்டடப் பொறியியல் பயில வந்தனர். பார்த்தீர்களா? அழைப்பு இல்லாதிருந்தவரை ஒருவரும் வரவில்லை. அழைத்தவுடன் இருவர் வந்தனர். ஆற்றில் நீர் இல்லாமல் இல்லை!

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பொறியாளர் விரைந்து தேவைப்பட்டமையால் படிப்புக் காலத்தைச் சில திங்கள் குறைத்தனர். அதனால் மூவரும் ஒன்றாகவே பட்டம் பெற்றனர். அவர்களுடைய பட்டச் சான்றிதழில் ‘அவன்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே அச்சாகியிருந்தது. அதனை மையால் அடித்துவிட்டு, ‘அவள்’ என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றரை நூற்றாண்டு வரலாறு அந்த ஒரு திருத்தத்துள் அடங்கிவிட்டது.

லலிதா ஜமால்பூர் இரயில்வே பட்டறையில் செய்முறைப் பயிற்சி பெற்றார். சிம்லாவில் மத்தியத் தர நிர்ணய அமைப்பில் பணியாற்றினார். பின்னர்க் கல்கத்தாவில், அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் நிறுவனத்தில் மின்செலுத்துகைத் தொடர்களையும் துணை மின்நிலையங்களையும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கப் பணியிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1964-இல் நியூயார்க்கில் கூடிய பெண் பொறியாளர், அறிவியலாளர் முதல் உலக மாநாட்டிலும் கலந்துகொண்டார். 1979-இல் மறைந்தார். அவருடன் பயின்ற திரேசியா அம்மையார் 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார்.

இவ்வரலாற்றை வெறும் பெருமைக்காக நான் கூறவில்லை. லலிதா கடந்து வந்த மதகுகளை எண்ணிப் பாருங்கள். பள்ளியிறுதிவரை படிக்கவைத்த தந்தை ஒரு மதகு. அறிவியல் கற்பித்த மகளிர் கல்லூரி மற்றொன்று. இசைவளித்த முதல்வரும் இயக்குநரும் மூன்றாவது. உடன் பயின்ற தோழியர் நான்காவது. பயிற்சிக்கு இடமளித்த பட்டறை ஐந்தாவது. ஆறாவது ஒன்றும் உண்டு; அதனைப் பலரும் கருதுவதில்லை. அவர் படிக்கும்போதும் பணியாற்றும்போதும் மகளைப் பேணியது உடன்பிறந்தாரின் குடும்பம். சிம்லாவிலும் கல்கத்தாவிலும் அவர் பணி ஏற்றதற்கு உடன்பிறந்தாரின் வீடு அங்கிருந்ததும் ஒரு காரணம். இவற்றுள் ஒன்று அடைபட்டிருந்தாலும் பக்ரா நங்கலுக்கு அப்பொறியாளர் கிடைத்திருக்கமாட்டார். பேராசிரியரின் மகளுக்கு இத்தனை மதகுகளும் திறந்தன. தந்தை பேராசிரியராக இல்லாத பெண்கள் எத்தனை பேர் எந்தெந்த மதகில் நின்றுபோயினரோ, அவர்களுக்கு வரலாறு இல்லை.

அவ்வாறு நின்றுபோன ஒருவரை நான் அறிவேன்; மதகை அடைத்தவனும் நானே. 1980-களின் நடுவில் நான் இளம் ஆசிரியன். என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி கணிதத்தில் வகுப்பிலேயே முதல்வி. அவள் தந்தையார் நெசவாளி. பொறியியலுக்கு விண்ணப்பிக்கலாமா என்று என்னிடம் கேட்க வந்தார். “விடுதி வாழ்க்கை, பட்டறை வேலை, இவையெல்லாம் பெண்ணுக்குத் தொல்லை, ஆசிரியர் பயிற்சியில் சேர்த்துவிடுங்கள்” என்றேன். நல்லது சொன்னதாகவே அன்று கருதினேன். அவர் பின்னாளில் நல்லாசிரியராகத் திகழ்ந்தார் என்பது எனக்கு ஆறுதல். ஆனால் வழியைத் தேர்ந்தது அவர் அல்லர், என் வாய்ச்சொல். சட்டம் அடைக்காத மதகை ஓர் ஆசிரியனின் அறிவுரை அடைத்துவிட்டது.

இன்று நிலை பெரிதும் மாறியுள்ளது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் மாணவியர் தொகையை உயர்த்த, 2018 முதல் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டன. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் சட்டம் 2021-இல் வந்தது. இவை நற்செயல்களே. ஆனால் கல்லூரி வாயில் ஒரு மதகுதான். அதற்கு மேலே வீடும் பள்ளியும் உள்ளன. அதற்குக் கீழே பட்டறையும் பணியிடமும் குழந்தை பேணுவாரும் உள்ளனர். ஒன்றைத் திறந்து, மற்றவற்றை மறந்தால் கடைமடை காய்ந்தே கிடக்கும்.

இங்கிலாந்தின் கதை தரும் எச்சரிக்கையும் உண்டு. ஆள் குறைந்தது என்பதற்காக மட்டும் ஒருவரை அழைத்தால், ஆள் நிறைந்தவுடன் அவரை அனுப்பிவிடத் தோன்றும். கற்பது அவர் உரிமை என்று அழைத்தால், அவரை அனுப்ப எவருக்கும் உரிமை இராது.

மாணவியரே, கணிதமும் இயற்பியலும் உங்களுக்கு இனிக்குமாயின், ‘இது உனக்கு எதற்கு?’ என்று கேட்பவரிடம் லலிதாவின் கதையைச் சொல்லுங்கள். மாணவர்களே, உங்கள் வகுப்பில் தனித்து அமர்ந்திருக்கும் ஒருவர் இருந்தால், அவர் பெண்ணாயினும், சிற்றூரிலிருந்து வந்தவராயினும், அவருக்குத் தோழமை தாருங்கள். அதுவும் ஒரு மதகைத் திறக்கும் பணியே. என்னைப் போன்ற ஆசிரியர்களோ, அறிவுரை கூறுமுன் ஒருகணம் நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.