ஊசி உள்ளே போன கதை: கீல் நகரத்து முடிச்சும் ஒரு தொழிற்சங்கத்தின் கோபமும்

சத்திரசிகிச்சையின் வரலாற்றை வாசிக்கப் போனால் பெரும்பாலும் மயக்கமருந்தும் கிருமியும்தான் வரும். மோர்ட்டனும் லிஸ்டரும் இல்லாத புத்தகம் இல்லை. ஊசியும் நூலும் அந்தக் கதைகளில் ஒரு ஓரமாக நிற்கும், ஏதோ தானாகவே வந்து சேர்ந்த மாதிரி. எங்களுக்கு அந்த ஓரம்தான் சுவாரசியமாகப் பட்டது. வயிற்றைத் திறக்காமல் சின்னத் துளைகளால் செய்கிற லப்பரஸ்கோப்பிச் சத்திரசிகிச்சை இண்டைக்குச் சாதாரண விசயம். ஆனால் அந்தத் துளைக்குள்ளால் ஒரு முடிச்சுப் போடுவது எப்படி என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கு. அந்தச் சண்டையின் நடுவில் நின்றவர் ஜேர்மனியின் கீல் நகரத்துப் பெண்ணோயியல் பேராசிரியர் குர்ட் செம்.

முதலில் ஒரு விசயத்தைத் தெளிவாக்குவம். வயிற்றுக்குள்ளே குழாய் விட்டுப் பார்ப்பது செம்மின் கண்டுபிடிப்பு இல்லை. 1901இல் ஜோர்ஜ் கெலிங் ஒரு நாயின் வயிற்றைக் காற்றால் நிரப்பி உள்ளே பார்த்துக் காட்டினார். 1910இல் சுவீடனின் ஜகோபியஸ் மனிதர்களில் செய்ததை எழுதினார். பிறகு பாரிசில் ராவுல் பால்மர் அதைப் பெண்ணோயியலுக்குக் கொண்டு வந்தார். ஆனால் 1960கள் வரைக்கும் இது பெரும்பாலும் பார்க்கிற வேலைதான். பார்ப்பார்கள், சிறு துண்டு எடுப்பார்கள், கருத்தடைக்காகப் பலோப்பியன் குழாயை மின்சாரத்தால் சுடுவார்கள். அவ்வளவுதான். இரத்தம் வந்தால்? வயிற்றைத் திறக்க வேண்டியதுதான். அந்த மின்சாரச் சூடு பக்கத்தில் இருக்கிற குடலையும் சுட்டு, ஆட்கள் இறந்த சம்பவங்களும் பதிவாகியிருக்கு.

எங்கட வாதம் இதுதான்: பார்ப்பதற்கும் செய்வதற்கும் இடையிலான எல்லை கமராவில் இல்லை, முடிச்சில்தான் இருந்தது. வெட்டுவதற்குக் கத்தரி போதும். வெட்டின இடத்தைக் கட்டத் தெரிந்தால்தான் அது சத்திரசிகிச்சை.

செம் 1927இல் மியூனிக்கில் பிறந்தவர். வைத்தியம் படிக்க முதல் அவர் கருவி செய்கிற தொழிலைப் பழகியிருந்தார். உருக்கை அராவத் தெரிந்த ஆள். அவருடைய குடும்பத்திலேயே வைத்தியக் கருவிகள் செய்கிற நிறுவனம் ஒன்றும் இருந்தது. காலையில் சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒரு கருவி சரிவரவில்லை எண்டால் அதை எப்படி மாற்றலாம் எண்டு யோசிக்கவும் வரையவும் அவரால் முடிந்தது. வயிற்றுக்குள்ளே காபனீரொட்சைட்டு வாயுவை அளவோடு செலுத்தி அமுக்கத்தைத் தானாகவே கண்காணிக்கிற இயந்திரத்தை 1960களில் உருவாக்கினார். 1970இல் கீல் பல்கலைக்கழகத்தின் பெண்ணோயியல் துறைக்குத் தலைவராகப் போனார். மின்சாரத்தை உடம்புக்குள் விடாமல், சூடாக்கிய கருவி முனையால் மட்டும் இழையத்தை உறைய வைக்கிற முறையையும் அங்கேதான் வளர்த்தெடுத்தார்.

பிறகுதான் நூல் வருது. செம் கையில் எடுத்தது புதுச் சாமான் ஒண்டும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோடர் என்ற ஜேர்மன் வைத்தியர் தொண்டைச் சதையை, அதாவது ரொன்சிலை எடுக்கும்போது பயன்படுத்திய ஒரு சுருக்குமுடிச்சு அது. தொண்டையும் ஒரு வகையில் ஆழமான துளைதானே, அதற்குள் இரண்டு கையையும் விட ஏலாது. வெளியில் முடிச்சைப் போட்டு, ஒரு மெல்லிய குழாயால் அதை உள்ளுக்குத் தள்ளி இறுக்க வேணும். இந்தப் பழைய உபாயத்தைச் செம் வயிற்றுக்குக் கொண்டு வந்தார். தயாராகச் செய்த சுருக்கு ஒன்றை 5 மில்லிமீற்றர் துளைக்குள்ளால் விட்டு, வெட்ட வேண்டிய பகுதியை அதற்குள் இழுத்து, நூலை இழுத்தால் சுருக்கு இறுகும்.

இதில் நூலின் பங்கும் முக்கியம். அந்தக் காலத்தில் பயன்பட்டது 'கற்கட்' நூல். பெயரில் பூனை இருந்தாலும் செய்வது ஆட்டின் அல்லது மாட்டின் குடலில் இருந்து. உடம்பின் ஈரத்தில் அது கொஞ்சம் ஊதும். ஊதினால் முடிச்சு பூட்டுப் போட்ட மாதிரி இறுகிவிடும். வழுக்குகிற செயற்கை நூலில் இதே முடிச்சு அவ்வளவு நம்பிக்கையாக நிற்காது. ஒரு கருவி 'வேலை செய்யுது' எண்டு சொல்லும்போது அதற்குள்ளே எவ்வளவு சின்னச் சின்னப் பொருள்சார்ந்த விசயங்கள் ஒளிந்திருக்கு எண்டதுக்கு இது நல்ல உதாரணம்.

சுருக்கு எல்லாவற்றுக்கும் காணாது. முனை இருக்கிற பகுதியைத்தான் சுருக்கால் பிடிக்கலாம். கிழிந்த கருப்பைச் சுவரையோ சூலகத்தையோ மூட வேணும் எண்டால் ஊசி உள்ளே போயே ஆகவேணும். அது எவ்வளவு கஷ்டம் எண்டு கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கோ. ஒரு அடிக்கு மேல் நீளமான, பென்சிலை விட மெல்லிய கருவி. அது வயிற்றுத் தோலில் ஒரு புள்ளியில் தாங்கி நிற்குது. அதனால் கையை இடப்பக்கம் அசைத்தால் உள்ளே நுனி வலப்பக்கம் போகும், மேலே தூக்கினால் கீழே இறங்கும். மணிக்கட்டைத் திருப்புவது போன்ற அசைவு உள்ளே கிடையாது. படத்தில் ஆழம் தெரியாது. விரலுக்குத் தொடுகையும் கிட்டத்தட்ட இல்லை. அந்த நிலைமையில் வளைந்த ஊசியைச் சரியான கோணத்தில் பிடித்து, இழையத்துக்குள் செலுத்தி, மறுபக்கம் எடுத்து, நூலைக் கருவியைச் சுற்றிச் சுற்றி முடிச்சிட வேணும். அதுவும் 1970களில் ஒரு கண்ணைக் குழாயில் வைத்துக்கொண்டு. சின்ன வீடியோக் கமரா வந்து எல்லோரும் திரையில் பார்க்கத் தொடங்கியது 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகுதான்.

செம் இதற்கு இரண்டு வழி வைத்தார். ஒன்று, ஊசியை மட்டும் உள்ளே விட்டுத் தைத்து, நூலின் நுனியை வெளியே எடுத்து, வெளியில் முடிச்சிட்டு உள்ளே தள்ளுவது. மற்றது, முழுக்க உள்ளேயே இரண்டு ஊசிபிடிப்பான்களால் முடிச்சிடுவது. இவற்றைப் பழகுவதற்கு ஒரு பயிற்சிப் பெட்டியையும் செய்தார். இடுப்புக்குழியைப் போன்ற ஒரு பெட்டி, மேலே துளைகள், உள்ளே பழகுவதற்கான இழையம். ஆளில் கை வைக்க முதல் பெட்டியில் தைத்துப் பழகு என்பதுதான் ஏற்பாடு.

1980 செப்டெம்பரில் அவர் அப்பெண்டிக்ஸை லப்பரஸ்கோப்பி மூலம் அகற்றினார். அடியை ரோடர் சுருக்கால் கட்டி, வெட்டி, வெட்டுமுனையைத் தையலால் உள்ளே புதைத்து மூடினார். திறந்த சத்திரசிகிச்சையில் செய்கிற அதே படிகள்தான், துளைக்குள்ளால்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. ஜேர்மன் சத்திரசிகிச்சையாளர் சங்கத்தின் தலைவர், செம்மைத் தொழில் செய்யாமல் இடைநிறுத்த வேண்டும் எண்டு பெண்ணோயியல் சங்கத்துக்கு எழுதினார். அவர் அனுப்பிய கட்டுரையை ஒரு அமெரிக்க மகப்பேற்று, பெண்ணோயியல் சஞ்சிகை நெறிக்கு மாறானது என்ற காரணத்தோடு திருப்பி அனுப்பியது. கடைசியில் 1983இல் 'எண்டோஸ்கோப்பி' சஞ்சிகையில்தான் அது வெளிவந்தது. ஒரு கூட்டத்தில் அவர் படங்களைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே புரொஜெக்டரின் மின்சாரத்தைக் கழற்றிவிட்டார்கள். இதற்கெல்லாம் முதலே, அவர் கீலுக்கு வந்த காலத்தில், கூட வேலை செய்தவர்களே மூளையைப் பரிசோதிக்கச் சொல்லி அவரை அனுப்பியிருக்கினம். மூளை பழுதான ஆள்தான் இப்பிடி வேலை செய்வான் எண்டது அவையின் எண்ணம்.

இதை 'மேதையை உலகம் புரிந்துகொள்ளவில்லை' என்ற வழக்கமான கதையாக எழுதிவிட்டுப் போகலாம். எங்களுக்கு அது போதாது. இங்கே எல்லைத் தகராறு ஒன்று இருக்கு. அப்பெண்டிக்ஸ் பொதுச் சத்திரசிகிச்சையாளரின் காணி, அதற்குள் ஒரு பெண்ணோயியல்காரர் கால் வைத்துவிட்டார். பெரிய வைத்தியன் பெரிய கீறல் போடுவான் என்பது அந்தத் தொழிலில் ஒரு பெருமையாகவே சொல்லப்பட்டு வந்தது. அதோடு கைத்தொழில் மீதான ஒரு இளக்காரமும் இருந்திருக்கும் எண்டு நினைக்கிறம். பட்டறையில் கருவி செய்தவன் பேராசிரியர்களுக்குத் தைக்கச் சொல்லித் தருவதா? சத்திரசிகிச்சை தன்னை நாவிதத் தொழிலில் இருந்து பிரித்துக்காட்டப் பட்ட பாட்டை நினைத்தால் இது ஆச்சரியமில்லை. இரத்தக் குழாய்களை இணைத்துத் தைக்கும் முறைக்காக 1912இல் நோபல் பரிசு வாங்கிய அலெக்சிஸ் கரெல், நுண்ணிய தையலை லியோன் நகரத்து எம்பிராய்டரிக்காரப் பெண் ஒருவரிடம்தான் கற்றார். பரிசுப் பட்டியலில் அந்தப் பெண்ணைத் தேடாதீங்கோ.

செம்மின் வேலையைக் கேள்விப்பட்டு அடுத்த படியை எடுத்தவர் பெப்லிங்கன் நகரத்து எரிக் மியூஹெ. 1985 செப்டெம்பர் 12இல் லப்பரஸ்கோப்பி மூலம் முதன்முதலில் பித்தப்பையை அகற்றினார். 1986இல் சத்திரசிகிச்சையாளர் மாநாட்டில் சொன்னபோது கேலிதான் கிடைத்தது. அவருடைய நோயாளி ஒருவர் இறந்ததும் வழக்கு வந்தது. பல வருடம் இழுபட்டு 1990இல்தான் அதில் இருந்து விடுபட்டார். இதற்கிடையில் 1987இல் லியோனில் பிலிப் மூரே செய்த பித்தப்பைச் சத்திரசிகிச்சையில் இருந்து பிரெஞ்சுக்காரர் வழியாக இந்த முறை உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 1992இல் அதே ஜேர்மன் சங்கம் மியூஹெக்கு விருது கொடுத்தது.

எதிர்த்தவர்கள் எல்லாரும் பிழை எண்டும் சொல்ல ஏலாது. 1990களின் தொடக்கத்தில் இந்த முறை காட்டுத்தீ மாதிரிப் பரவினபோது, ஒரு வார இறுதிப் பயிற்சியோடு போய்ச் செய்தவர்களும் இருந்தார்கள். பித்தநாளம் வெட்டுப்படுவது கூடியது. 1992இல் நியூயோர்க் மாநிலச் சுகாதாரத் திணைக்களம், மேற்பார்வையின் கீழ் போதிய அளவு செய்து பழகாமல் தனியாகச் செய்யக்கூடாது எண்டு விதி வைக்க வேண்டி வந்தது. நெறி பற்றிய கேள்வி உண்மையானதுதான். ஆனால் அது 1981இல் பெட்டியில் வைத்துப் பழக்கின ஆளிடம் கேட்கப்பட்டது. பழகாமல் வந்த கூட்டத்திடம் கேட்கும்போது காலம் கடந்துவிட்டது.

கைக்குக் கஷ்டமானதைக் கருவிக்குக் கொடுக்கிற முயற்சிகளும் அதே காலத்தில் வந்தன. இழையத்தைப் பின்களால் மூடும் ஸ்ரேப்ளர் 1908இலேயே ஹங்கேரியில் ஹுமேர் ஹூல்ட்ல் பயன்படுத்தியதுதான். சோவியத் ஒன்றியம் வழியாக அமெரிக்கா போய், மெலிந்து, துளைக்குள்ளால் போகிற அளவுக்கு வந்தது. தையலுக்கென்றே வந்த 'எண்டோ ஸ்ரிச்' கருவி இன்னும் கெட்டித்தனமானது. இரண்டு பக்கமும் கூரான குட்டி ஊசி, அதன் நடுவில் நூல். கருவியின் இரண்டு தாடைகளும் அந்த ஊசியை மாறி மாறிக் கைமாற்றும். ஊசியின் எந்தப் பக்கத்தில் நூல் கோக்க வேணும் எண்ட பழைய வழக்கத்தை மாற்றித்தான் தையல் மெசினும் சாத்தியமானது எண்டதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 2000இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டா வின்சி ரோபோ, உள்ளே இல்லாமல் போன மணிக்கட்டைத் திருப்பிக் கொடுத்தது. விலையைப் பற்றிக் கதைக்காமல் விடுவம்.

செம் 2003இல் அமெரிக்காவின் டூசன் நகரில் இறந்தார். அங்கே 2009-10 கல்வியாண்டில் பயிற்சி முடித்தவர்களில் இருந்து, பொதுச் சத்திரசிகிச்சையாளராகச் சான்று பெற ஒரு லப்பரஸ்கோப்பித் தேர்வு கட்டாயம். அதில் செய்முறைப் பகுதி ஒரு பெட்டிக்குள்தான். ஐந்து வேலைகள்: வளையங்களைத் தூக்கி மாற்றுவது, வட்டமாக வெட்டுவது, தயாரான சுருக்கை மாட்டி இறுக்குவது, தைத்து வெளியில் முடிச்சிடுவது, தைத்து உள்ளேயே முடிச்சிடுவது. கடைசி மூன்றும் கீலில் செம் செய்து காட்டின வேலைகள். பெண்ணோயியல்காரருக்கு இதே தேர்வு கட்டாயமானது 2020இல், பொதுச் சத்திரசிகிச்சையாளருக்குப் பத்து வருடம் பிந்தி.