பட்டாதாரும் கிணறு வெட்டியவரும்: செகந்திராபாத் சுற்றூர்களில் முன்னோடி வேளாண் குடும்பங்களைத் தேடும் முறை குறித்து

குடும்ப வரலாறு எழுதுகிற ஆய்வாளர்களிடம் ஒரு நடைமுறை ஊறிப்போயிருக்கிறது. முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் கதை கேட்பார்கள். பிறகு காப்பகத்துக்குப் போவார்கள். ஆவணம் ஒத்துக்கொள்ளும் பகுதியை வைத்துக்கொண்டு மீதியை 'குடும்ப நம்பிக்கை' என்று ஒதுக்கிவிடுவார்கள். சாட்சி சொல்ல வந்த காகிதத்தையே நீதிபதி நாற்காலியில் உட்காரவைக்கும் இந்தப் பழக்கம் எல்லா ஊரிலும் கேள்விக்குரியதுதான். செகந்திராபாத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலோ அது அடியோடு பொருந்தாது. இங்கே நில ஆவணம் நெடுங்காலம் அரசின் குரலாக இருக்கவில்லை. ஒரு வீட்டார் மற்றொரு வீட்டாரைப் பற்றி எழுதித் தம் பெட்டியில் பூட்டிவைத்த கூற்றாகவே இருந்தது. ஆகவே வாய்மொழியை ஆவணத்தால் சோதிக்கலாம் என்றால், ஆவணத்தை வாய்மொழியால் சோதிப்பதும் அதே அளவு நியாயம்.

நிஜாமும் கிழக்கிந்தியக் கம்பெனியும் செய்துகொண்ட 1798 உடன்படிக்கைக்குப் பிறகு உசேன் சாகர் ஏரிக்கு வடக்கே கம்பெனிப் படை முகாமிட்டது. 1806-ல் மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயர் அந்த இடத்துக்கு வந்தது. வந்திறங்கியது பெரும்பாலும் சென்னை ராணுவம். சிப்பாய்களின் பின்னால் தானிய வியாபாரிகளும் ஒப்பந்தக்காரர்களும் டோலி தூக்குவோரும் தோட்டவேலை தெரிந்தவர்களும் வந்தார்கள். தமிழ்க் குடும்பங்கள் இங்கே வேர்விட்ட கதை பெரும்பாலும் இப்படித் தொடங்குவதுதான். அவர்களில் சிலரைத் தேட வேண்டியதில்லை. பின்னாளில் மகபூப் கல்லூரியாக வளர்ந்த பள்ளியை 1862-ல் தொடங்கிய சோமசுந்தர முதலியாரும், பத்மாராவ் நகருக்குப் பெயர் தந்த பத்மாராவ் முதலியாரும் கல்வெட்டிலும் தெருப்பலகையிலும் இருக்கிறார்கள். பட்டாளத்துக் குதிரைகளுக்குப் புல்லும், சிப்பாய்களுக்குக் காய்கறியும், பங்களாக்களுக்குப் பாலும் கொடுத்தவர்களைத்தான் தேட வேண்டும். அவர்கள் தமிழராகவும் இருக்கலாம், அவர்களுக்கு முன்பே அங்கே இருந்த தெலுங்குக் குடிகளாகவும் இருக்கலாம். தரிசைத் திருத்தி முதலில் பயிரிட்ட குடும்பம் எது என்ற கேள்விக்கு இரண்டு மொழிக் குடும்பங்களும் தத்தம் விடை வைத்திருப்பது இயல்பே.

ஆவணத்தின் பக்கம் பார்த்தால், சில மைல் சுற்றளவுக்குள் பல ஆட்சிகள். கன்டோன்மென்ட் எல்லைக்குள் ஆங்கிலத்தில் எழுதிய நிலப் பதிவேடு உண்டு. 1925, 1937 ஆண்டுகளின் கன்டோன்மென்ட் நில நிர்வாக விதிகள் அதற்கு இன்றைய வடிவம் தந்தன. எல்லையைத் தாண்டினால் நிஜாம் அரசு நேரே வரி வாங்கிய திவானி நிலம், நிஜாமின் சொந்தச் சொத்தான சர்ஃபேகாஸ், பாயிகா பிரபுக்களின் நிலம், ஜாகீர் நிலம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கச்சேரி, தனிக் கணக்கு. சர்ஃபேகாஸும் ஜாகீர்களும் 1949-ல்தான் பொது நிர்வாகத்துக்குள் வந்தன. அண்ணன் தம்பி இருவர் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் நிலம் வைத்திருந்தால், அவர்களின் காகிதங்கள் ஒரே அலமாரியில் சந்தித்திருக்கவே வாய்ப்பில்லாத காலம் ஒன்றரை நூற்றாண்டு நீண்டது.

இந்தக் காகிதங்களை வைத்திருந்தவர்கள் யார்? நிஜாம் அரசின் நிலக் கணக்கு இரண்டு பெரிய தஃப்தர்களாகப் பிரிந்திருந்தது. தெலங்கானா கணக்கான தஃப்தரே மால், மால்வாலா என்ற காயஸ்தக் குடும்பத்தின் பரம்பரைப் பொறுப்பு. மராத்தி நாட்டுக் கணக்கான தஃப்தரே திவானி, ராய் ராயன் என்ற மராத்தியப் பிராமணக் குடும்பத்தின் பொறுப்பு. கணக்கு வைப்பவரிடமே அதிகாரமும் இருந்தது. 1853 முதல் 1883 வரை திவானாக இருந்த முதலாம் சாலார் ஜங் இந்தப் பிடியைத் தளர்த்தத்தான் ஜில்லா நிர்வாகத்தையும் சர்வேயையும் கொண்டுவந்தார். ஹைதராபாத் காயஸ்தர்களைப் பற்றிக் கேரன் லெனார்ட் 1978-ல் வெளியிட்ட நூல், வம்சாவளிகளையும் அரசுப் பதிவுகளையும் அருகருகே வைத்து இக்குடும்பங்களின் எழுச்சியையும் சரிவையும் காட்டியது. நில ஆய்வாளர்கள் அந்த நூலைச் சாதி வரலாறு என்று எண்ணித் தாண்டிப் போகிறார்கள். நாம் நம்பும் ஆவணங்கள் யார் வீட்டில் பிறந்தன என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் நூல் எனக்குத் தெரிந்து இல்லை.

மேல்மட்டம் மாறினாலும் ஊர்மட்டம் மாறவில்லை. மாலி பட்டேல், போலீஸ் பட்டேல், பட்வாரி ஆகிய பதவிகள் 1984 தொடக்கத்தில் ஆந்திர அரசு ஒழிக்கும்வரை பரம்பரையாகவே இருந்தன. (தமிழ்நாட்டில் பட்வாரிக்கு இணையான கர்ணம் பதவி 1980-லேயே போய்விட்டது.) ஊரின் நில, பயிர்க் கணக்கான பஹாணியை எழுதியவர் பட்வாரி, வைத்திருந்ததும் அவர் வீட்டில். யாருடைய நிலம் யார் பெயரில் ஏறியது என்பதில் அந்த வீட்டின் உறவும் பகையும் கடனும் கலந்திருக்கும் என்று சந்தேகிப்பது ஆய்வு ஒழுக்கமே தவிர அவதூறு அல்ல.

பஹாணியின் ஒரு வரியைக் கூர்ந்து பார்க்கலாம். சர்வே எண் வரும். பரப்பு ஏக்கரிலும் குண்டாவிலும் வரும் (40 குண்டா ஒரு ஏக்கர்). புஞ்சை என்றால் குஷ்கி, நஞ்சை என்றால் தரி, தோட்டம் என்றால் பாகாத். தண்ணீர் ஏரியா, கிணறா என்பது அடுத்து. பிறகு பட்டாதார் பெயர். அதற்கும் தள்ளி, உண்மையில் அனுபவிப்பவர் பெயர். முன்னோடியைத் தேடுபவருக்கு உயிர்நாடி இந்தக் கடைசிப் பத்திதான். நிலவரிச் சட்டம் (1317 பசலி) பட்டாதாரை ஒரு வகையாகவும், அவர் கீழ் உழுகிற ஆசாமி ஷிக்மியை வேறு வகையாகவும் பிரித்துவைத்தது. ஆசாமி ஷிக்மிக்குக் கொஞ்சம் பாதுகாப்புத் தந்த தனிச் சட்டம் 1354 பசலியில்தான் வந்தது. 1950-ன் குத்தகைச் சட்டத்தையொட்டிப் பாதுகாக்கப்பட்ட குத்தகைதாரர் பட்டியல்களும், 1954-55-ன் காஸ்ரா பஹாணியும் எழுதப்பட்டபோதுதான் மண்ணில் நின்றவர்களின் பெயர் பரவலாகக் காகிதம் ஏறியது. அதற்கு முன்னால் ஒரு குடும்பத்தின் பெயர் ஆவணத்தில் இல்லை என்பதால் அந்தக் குடும்பம் அங்கே இல்லை என்று முடிவு கட்டுவது பெரும்பிழை.

ஆண்டைக் கணக்கிடுவதிலும் கவனம் வேண்டும். பசலி என்னும் வருவாய் ஆண்டோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஆனால் சென்னை மாகாணப் பசலி ஜூலையில் தொடங்கும், நிஜாம் பசலி அக்டோபரில் தொடங்கும். தமிழ்நாட்டுக் கணக்குகளில் பழகியவர் இங்கே மூன்று மாதம் பிசகுவார், ஓர் அறுவடையே இடம் மாறிப்போகும். எழுத்தோ 1880-களின் நடுப்பகுதிவரை பாரசீகம், பிறகு உருது. உருதுவில் குறில் உயிர்கள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்து. ஆகவே வள்ளியும் வல்லியும் ஒன்று. ஊரில் மற்ற எல்லாருக்கும் இன்டிபேரு என்னும் வீட்டுப் பெயர் இருக்க, தகப்பன் பெயரை மட்டும் சொல்லும் தமிழ்க் குடும்பம் இரண்டு தலைமுறைக்குள் இரண்டு வேறு குடும்பங்களாகத் தெரியலாம். இந்த முடிச்சை அவிழ்ப்பது காப்பகத்தால் ஆகாது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் தெரிந்த ஒரு கிழவி ஐந்து நிமிடத்தில் அவிழ்த்துவிடுவாள்.

வாய்மொழிக்கும் தன் நோய்கள் உண்டு. கதை ஆண்டைச் சொல்லாது, பேரிடரைச் சொல்லும்: மூசி வெள்ளத்துக்கு முன், பிளேக்குக்குப் பின். 1908 செப்டம்பர் வெள்ளம் உறுதியான அடையாளம். தமிழ்க் குடும்பங்களிலோ தாது வருஷம் அடிக்கடி வரும். பெரும்பஞ்சம் தொடங்கிய 1876-77 ஒரு தாது, 1936-37 இன்னொரு தாது. 'தாது வருஷத்தில் தாத்தா வந்தார்' என்ற வாக்கியம் இரண்டு தலைமுறைத் தொலைவை ஒரே பெயருக்குள் மறைத்துவிடும். பெரும்பஞ்சத்தின் பெயர் காதில் ஊறிப்போனதால், 1936-ல் நடந்ததும் பஞ்சத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

நோய் இருக்கிறது என்பதால் சாட்சியைத் தள்ளிவிட முடியுமா? செகந்திராபாத்தின் மிகப் பிரபலமான வாய்மொழியை எடுத்துக்கொள்வோம். உஜ்ஜயினி மகாகாளி கோயிலைத் தொடங்கியவர் சுரிட்டி அப்பய்யா. பட்டாளத்தில் டோலி தூக்கியவர். 1813-ல் அவர் பிரிவு உஜ்ஜயினியில் இருந்தபோது இங்கே காலரா பரவியதாகவும், ஊர் பிழைத்தால் சிலை வைப்பேன் என்று அங்குள்ள மகாகாளியிடம் நேர்ந்துகொண்டதாகவும், 1815-ல் திரும்பிவந்து மரச்சிலை வைத்ததாகவும் கதை. ஆண்டை மட்டும் பார்க்கும் வரலாற்றாளர் முகம் சுளிப்பார். 1813-ல் உஜ்ஜயினி சிந்தியாவின் கையில் இருந்தது, சென்னைப் படைக்கு அங்கே வேலையில்லை. காலரா பெருந்தொற்றாகக் கிளம்பியது 1817-ல் வங்காளத்தில், தக்காணத்துக்கு வந்தது 1818-ல்.

ஆனால் ஆண்டை எடுத்துவிட்டுக் கதையைப் பாருங்கள். 1817 டிசம்பர் 21 அன்று உஜ்ஜயினிக்கு வடக்கே ஷிப்ரா நதிக்கரையில் மகித்பூர்ப் போர் நடந்தது. ஹோல்கரை எதிர்த்து நின்றது ஹிஸ்லப் தலைமையிலான சென்னைப் படை, நிஜாமின் ரஸல் பிரிகேடும் உடன் இருந்தது. அடுத்த ஆண்டில் காலரா. பட்டாளம், உஜ்ஜயினி, கொள்ளைநோய், ஊர்திரும்பல் என்று கதையின் நான்கு உறுப்புகளும் 1817-18-ல் கச்சிதமாகப் பொருந்துகின்றன. கதை நான்கைந்து ஆண்டு முன்னால் நகர்ந்திருக்கிறது என்பது என் கணிப்பு. 1817-க்கு முன்பும் அங்கங்கே வாந்திபேதிச் சாவுகள் உண்டு என்பதால் இதை நிரூபணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் எழுதப் படிக்க வேண்டியிராத ஒரு டோலிக்காரரின் நினைவு படை நகர்ந்த பாதையை இவ்வளவு சரியாகச் சுமந்து வந்திருப்பது, தேதிப் பிழையைவிடப் பெரிய செய்தி. இத்தாலியின் தெர்னி நகரில் 1949-ல் கொல்லப்பட்ட ஓர் ஆலைத் தொழிலாளியின் சாவை, ஆள்குறைப்பு நடந்த 1953-க்கு நகர்த்திச் சொன்ன தொழிலாளர்களை வாய்மொழி வரலாற்றாளர் அலெஸாந்த்ரோ போர்தெல்லி ஆராய்ந்தார். பிழையான தேதிக்குள் அவர்களின் தன்மானம் இருந்தது என்று காட்டினார். நம் ஊர்க் கதைகளுக்கும் அந்தப் பொறுமை உரியது.

வாய்மொழி மரபுகளை ஆராய்ந்த யான் வான்சினா சுட்டிய 'மிதக்கும் இடைவெளி'யும் இங்கே உதவும். மூலவர் கதை செழிப்பாக இருக்கும், அண்மைக்கால நினைவும் செழிப்பாக இருக்கும், நடுவில் வெறுமை. செகந்திராபாத் வேளாண் குடும்பங்களைப் பொறுத்தவரை அந்த வெறுமை ஏறத்தாழ 1870-க்கும் 1930-க்கும் இடையில் விழும் என்று எதிர்பார்க்கலாம். அதே அறுபது ஆண்டில்தான் சர்வே நடந்து, எண்களும் வரைபடங்களும் வந்தன. ஒன்று வாய்மூடும் இடத்தில் மற்றது பேசத் தொடங்குகிறது. ஆவணம் என்ன பேசுகிறது என்பதற்குத் திராட்சை நல்ல உதாரணம்.

அனாபே ஷாஹி திராட்சையை 1890-ஐ ஒட்டி ஹைதராபாத்துக்குக் கொண்டுவந்தவர் அப்துல் பாக்கர் கான் என்பது தோட்டக்கலை நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. பிற்பாடு நகரைச் சுற்றிப் பந்தல் பந்தலாகப் பரவி, நாடெங்கும் பெயர் வாங்கிய ரகம் அது. கொண்டுவந்தவருக்குரிய புகழில் எனக்கு வழக்கில்லை. ஆனால் ஒரு கொடி நிலைபெறக் கல்தூணும் கம்பியும் வேண்டும், கவாத்து செய்யத் தெரிந்த கை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் கோடையில் வற்றாத கிணறு வேண்டும். 'முன்னோடி' என்ற பட்டம் எப்போதும் கன்று வாங்கியவருக்கே போகிறது, கவாத்துக் கத்தி பிடித்தவருக்குப் போவதில்லை. பாகாத் என்று ஒரு சர்வே எண் மாறிய ஆண்டு நமக்குக் கிடைக்கும். மாற்றியது யாருடைய உழைப்பு என்பது கிடைக்காது.

அதனால்தான் இரண்டு சாட்சிகளையும் கிணற்றடியில் சந்திக்கவைக்க வேண்டும் என்கிறேன். கிணறு இடம் மாறாது. சர்வே வரைபடத்திலும் டிப்பன் என்னும் நில வரைபடத்திலும் அதற்குப் புள்ளி உண்டு, பஹாணியில் தண்ணீர்ப் பத்தி உண்டு. வாய்மொழியோ கிணற்றை மறப்பதே இல்லை. பாறை வந்து நின்றுபோன ஆழம், வெடிவைத்தபோது செத்தவர், மோட்ட பாவி என்னும் கவலைக் கிணற்றில் சால் இழுத்த மாட்டு ஜோடி, எந்தப் பங்காளிக்கு எந்தக் கிழமை முறை என்பதெல்லாம் கதையில் இருக்கும். தமிழ்நாட்டுப் பத்திரங்களில் 'கிணற்றில் நாலில் ஒரு பங்கு' என்று தனியே எழுதுவார்கள். அந்தப் பின்னங்களைப் பின்னோக்கிப் பெருக்கினால் பாகப்பிரிவினைகளின் வரிசையே கிடைத்துவிடும். முறைக்கிழமைகளும் அப்படித்தான். நிலம் கைமாறியும் தண்ணீர் முறை கைமாறாத குடும்பம் தென்பட்டால், அதுதான் கிணறு வெட்டிய குடும்பம் என்று முதல் ஊகம் கொள்ளலாம். மகாகாளி கோயில் கதையிலும், பழங்கிணற்றைச் செப்பனிடும்போது மாணிக்காம்பாள் சிலை கிடைத்ததாக வருகிறது. கோயில் வருமுன் அங்கே கிணறு இருந்தது என்றால், கிணறு வெட்ட யாருக்கோ தேவை இருந்தது என்றும் பொருள்.

இன்னொரு மூலம் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. 1973-ன் வேளாண் நில உச்சவரம்புச் சட்டத்துக்கும் 1976-ன் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்துக்கும் குடும்பங்கள் தாக்கல் செய்த உறுதிமொழிப் படிவங்கள் அவை. யார் யார் உறுப்பினர், எந்தச் சர்வே எண்ணில் எவ்வளவு என்று குடும்பமே கையெழுத்திட்டுச் சொன்னது. நிலத்தைக் காப்பாற்ற அவசரப் பாகப்பிரிவினைகள் நடந்த காலம் என்பதால் எச்சரிக்கை வேண்டும். இருந்தாலும் பொய்யான பாகமும் யாரை நம்பினார்கள் என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

இன்று அல்வாலிலும் மல்காஜ்கிரியிலும் அடுக்குமாடி வீடு வாங்குபவரின் பத்திரத்தில்கூடப் பழைய சர்வே எண் இருக்கிறது. எண் பிழைத்துவிட்டது, பத்திகள் பிழைக்கவில்லை. 2020-ல் வந்த தரணி என்னும் இணையவழி நிலப்பதிவு முறையில் அனுபவிப்பவர் பத்தி பதிவிலிருந்தே போய்விட்டது. 2025-ல் தரணிக்குப் பதிலாகப் பூ பாரதி வந்திருக்கிறது. 1984-ல் பதவி இழந்த பட்வாரிகளின் வீடுகளில் எஞ்சிய கட்டுகளைத் தேடுவதும், தார்நாகா காப்பகத்திலிருந்தும் மண்டல அலுவலகங்களிலிருந்தும் 1954-55 காஸ்ரா பஹாணியின் அனுபவதாரர் பத்தியை ஊர் ஊராகப் பெயர்த்தெழுதுவதும் உடனே செய்யக்கூடிய வேலைகள். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்டினால், பெயர்களை அடையாளம் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல்.